காலி சிமெண்டு மூட்டையில் வந்த உமிச் சாம்பல்

அனுப்புநர்:
எட்டாம் எண் வீட்டுப் பயனாளி (தையல் தொழில்),
தற்காலிக இருப்பிடம்: பள்ளிக்கூடம், இரண்டாம் வகுப்பறை.

பெறுநர்:
வீட்டு வசதித் திட்ட அதிகாரி அவர்கள்.

பொருள்: காற்றில் வீடிழந்தோருக்குக் கட்டிய வீடுகளின் கான்கிரீட்டைப் பரிசோதிக்கவும், அதுவரை எங்களைப் பள்ளியிலிருந்து வெளியேற்றாதிருக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டுப் பெருங்காற்றில் எங்கள் தகரக் கூரை பறந்தது. அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்த என் கணவரையும் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடியில் போட்டது. இடுப்பு தேறிவிட்டது, மனம் தேறவில்லை. கதவு படாரென்று சாத்தினாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறார்.

2. தாங்கள் புது வீடு தந்ததை மறக்கவில்லை. சிமெண்டில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து அரிசி ஆலையின் உமிச் சாம்பலைச் சேர்ப்பது திட்டம். அதில் எங்களுக்குக் குறையில்லை. முதலில் கட்டிய வீடுகளில் ஆணி அடித்தால் ஆணிதான் வளைகிறது.

3. பிறகுதான் கோளாறு. ஆலைக்காரர் சாம்பலைக் காலி சிமெண்டு மூட்டைகளில் கட்டி அனுப்பினார். எங்கள் பக்கம் எதைக் கட்டி அனுப்பினாலும் அந்த மூட்டைதான். இரண்டும் ஒரே கொட்டகையில் அடுக்கியிருந்தன. சித்தாள்கள் சாம்பலையே சிமெண்டு என்று கொட்டி, அதன்மேல் சாம்பலும் சேர்த்துவிட்டார்கள். சுவர் உச்சியில் கூரையைப் பிடித்திருக்கும் பெல்ட் கான்கிரீட் போடும்போது இது நடந்திருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சைப் பெயிண்டும் அடித்தாகிவிட்டதால், எது பழுது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

4. எனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வீட்டைத் துடைக்கப் போனவள், கூரைச் சட்டத்தைக் கட்ட அந்த பெல்ட்டில் பதித்த கொக்கியில் கொடி கட்டி ஒரு போர்வையைக் காயப்போட்டேன். ஈரப் போர்வையின் கனத்துக்கே கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது. ஓட்டையில் விரலை விட்டால் மாவு போல உதிர்கிறது. மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டதில் மூட்டை மாறிய கதை வெளியே வந்தது. “எனக்கே அந்த வீட்டுக்குள்ள போக மனசு வரலக்கா” என்றார். அவருக்கும் அதே வரிசையில்தான் வீடு. இன்னும் ஒரு பாத்திரத்தைக்கூட அங்கே கொண்டுபோகவில்லை.

5. பொறியாளர் அவர்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். ஓட்டையைப் பூசச் சொன்னார். “காத்து வரட்டும்மா, பாத்துக்கலாம்” என்றார். பார்ப்பதற்கு நாங்கள் உயிரோடு இருக்க வேண்டுமே ஐயா. திங்கட்கிழமைக்குள் பள்ளியைக் காலி செய்ய உத்தரவு. என் மகளுக்கு இது நிறைமாதம். பிறக்கப்போகும் பிள்ளையை அந்தக் கூரைக்கடியில் எப்படிப் படுக்கவைப்பேன்? பயமாக இருக்கிறது. மனுவில் இப்படி எழுதலாமா தெரியவில்லை, வேறு சொல் கிடைக்கவில்லை.

ஆகவே, ஒவ்வொரு வீட்டு பெல்ட்டிலும் துளையிட்டுப் பரிசோதித்து, பழுதானதை உடைத்து மறுபடி போட்டுத் தருமாறும், அதுவரை இவ்வகுப்பறையில் எங்களை இருக்க விடுமாறும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சித்தாள்கள் மீது நடவடிக்கை வேண்டாம். அவர்களும் பிள்ளைகுட்டிகளோடு அந்த வீடுகளுக்குத்தான் குடிவருகிறார்கள், எந்த வீட்டுக்கு எதைக் கொட்டினோம் என்று அவர்களுக்கே தெரியாமல்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: பள்ளிக்கூடம்

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
எட்டாம் எண் வீட்டுத் தையல்காரி