காதில் சொன்ன ஓட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். ஆஸ்பத்திரி வேலையில் உனக்குக் கால் வீக்கம் குறைந்ததா? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கண் போனதிலிருந்து உன் அப்பாவுக்குப் பாம்புச் செவி. அடுப்படியில் குசுகுசுத்தாலும் கூடத்திலிருந்து பதில் வருகிறது. நீ கடல் தாண்டிப் போய் இரண்டு வருடமாகிறது, அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் பேச்சு வரும் வரிகளை நீ தாண்டிவிடுவாய் என்று தெரியும். இந்த ஒரு தடவை தாண்டாதே.

நேற்று ஓட்டு போடப் போனோம். பார்வை இல்லாதவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாமாம். அவர்கள் சொல்லும் இடத்தில் அந்தத் துணை குறி போட வேண்டுமாம். துணை நான்தான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவர் கட்சியும் என் கட்சியும் முப்பத்தேழு வருடமாக நம் வீட்டில் எப்படி முட்டிக்கொண்டன என்று பார்த்து வளர்ந்தவள்தானே நீ. அவர் எதைச் சொன்னாலும் அவர் ஓட்டுச் சீட்டிலும் என் கட்சிக்கே போட்டுவிடுவது என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தால் வேறென்ன நடக்கும்?

ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடம் பின்சந்து வழியாக ஐந்து நிமிடம். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு நீ வழி காட்டுறியா? நான் சொல்றேன், நீ நட" என்று என் இரண்டு தோளையும் ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது பஸ் போகும் வழி. மார்க்கெட்டைச் சுற்றி, பாலம் ஏறி இறங்கி, ஒருவழிப் பாதை என்று இன்னொரு தெருவும் சுற்றி, முக்கால் மணி நேரம் நடந்தோம். நடந்து போகிறவனுக்கு ஏது ஒருவழிப் பாதை? சொன்னால் கேட்டால்தானே! ஒரு நிறுத்தத்தில் பழைய கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்ன ஹாரன் அண்ணே, பொண்ணு போன் பண்ணுதா?" என்றார். "எனக்குப் பொண்ணே கிடையாது!" என்று உன் அப்பா கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. ஹாரன் என்று சும்மாவா பேர் வைத்தார்கள்?

உள்ளே இரண்டாம் வகுப்பு அறை. குட்டி பெஞ்சுகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் மூட்டை தூக்குகிறவர், பின்னால் ஜவுளிக்கடை முதலாளி. யாரும் யாருக்கும் வழி விடவில்லை. என் சீட்டை முதலில் போட்டுவிட்டேன். பிறகு ஆபீசர் அம்மா ஒரு தாளை நீட்டி, "இவர் யாருக்குப் போட்டார்னு நீங்க வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். போட்டேன்.

அட்டை மறைப்புக்குள் பேனாவை எடுத்துத் தயாராக நின்றேன். உன் அப்பா என் தோளைத் தடவிக் காதைக் கண்டுபிடித்து, குனிந்து, ஒரு சின்னத்தைச் சொன்னார். காய்ச்சலில்கூடக் கத்துகிற மனிதர் மெல்லப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னது அவருடைய கட்சி இல்லை. இதைச் சொன்னதே தப்பு, இதற்கு மேல் எழுதமாட்டேன்.

இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்தவருக்குள் எனக்குத் தெரியாத ஓர் இடம். அதைத் திறந்து என் கையில் கொடுக்கிறார், நான் திருட வந்து நிற்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அவர் சொன்ன இடத்திலேயே, கோட்டில் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு குறி போட்டேன். மடித்துக் கொடுத்ததும் பெட்டியின் வாயை விரலால் தடவிப் பார்த்து அவரே போட்டார். வெளியே வந்து, "எத்தனை எலக்‌ஷனா இப்படி?" என்று கேட்டேன். "அதையெல்லாம் பொண்டாட்டிகூடக் கேக்கக் கூடாது" என்றார்.

சாயங்காலம் பழைய டிரைவர்கள் வந்து விசாரித்தார்கள். "நம்ம கட்சிக்குத்தான், வேற யாருக்கு?" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினார். நான் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தபோதே அழுகை வந்துவிட்டது. பொண்ணே கிடையாது என்று இரண்டு வருடமாக இதே தொண்டையில்தானே கத்துகிறார்? அதையும் நான் நம்பிக்கொண்டிருந்தேனே.

"போனா எனக்குப் பொண்ணே கிடையாது" என்று அன்றைக்கு வாசலில் நின்று கத்தினதை நீயும் நம்பித்தான் போனாய். நீ போனது தப்பென்று நான் சொல்லவில்லை, என்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கு ஒரு போன் பண்ணு. எடுத்ததும் கத்துவார். வைத்துவிடாதே, கத்தி முடிக்கட்டும். அதற்கப்புறம் மெல்ல ஏதாவது சொன்னால், அது உனக்கு மட்டும். என்னிடம்கூடச் சொல்லாதே.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கண்ணே.

உன் அம்மா