நடிப்பு, 97 விழுக்காடு

மார்ச் 4, காலை 7.10. வழக்கமான பதிவு

கண்டெடுப்பவருக்கு: என் பெயர் வெண்மணி. நிலவின் தென்துருவம், வெயிலே படாத பள்ளம், பனிக்கட்டி வெட்டும் நிலையம். இங்கே கைபேசிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

மூன்றாம் சுரங்கத்தில் இன்று தேசம்மா, எட்வின், குப்புராஜ். மூவரும் எண்ணூர்க்காரர்கள். ஒவ்வொருவர் மார்புப் பையிலும் ஒரு கைபேசி. அதற்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவு மாடல் குரலையும் மூச்சையும் கேட்டு நலம், களைப்பு, ஆபத்து, நடிப்பு என்ற நான்கில் ஒன்றைச் சொல்லும். பனியைத் தாண்டி சிக்னல் போகாது என்பதால் முடிவெடுப்பது கைபேசியேதான். மலிவுக் கைபேசிக்குள் அடங்குவதற்காக மாடலைச் சுருக்கியிருக்கிறார்கள். எதை வெட்டி எறிந்தார்கள் என்று சொல்லவில்லை.

வேலை நேரத்தில் சுரங்கக் கதவு திறக்க வேண்டுமானால், உள்ளே இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கைபேசி 'ஆபத்து' சொல்ல வேண்டும். 'நடிப்பு' போன மாதம் சேர்ந்தது. ஓய்வு கேட்டு எல்லோரும் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்களே, அதற்குப் பிறகு.

குப்புராஜ், கம்பித் தொலைபேசியில்: "உன் பொட்டி நாளெல்லாம் எப்டிக் கீறேன்னு கேட்டுக்கினே கீதும்மா. வூட்ல கூட என்ன இப்டி யாரும் விசாரிச்சதில்ல."

மூவரும் நலம்.

மார்ச் 4, காலை 10.35. வடிகட்டி

மூன்றாம் சுரங்கத்தின் காற்று வடிகட்டி நின்றுவிட்டது. கரியமில வாயு ஏறுகிறது. பழைய வடிகட்டி. மாற்றச் சொல்லி நான் அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வந்ததே இல்லை.

தேசம்மா: "தல சுத்துதுடி. மூச்சு முட்டுது. கதவத் தொற."

அவள் கைபேசி சொன்ன தீர்ப்பு கம்பியில் கேட்டது: நடிப்பு. எட்வினுடையதும் அதே. கதவு அசையவில்லை.

கதவை வெளியிலிருந்து திறக்கும் கடவுச்சொல் மேற்பார்வையாளர் ஆதர்ஷிடம் மட்டும் இருக்கிறது. அவர் பதில்: "வடிகட்டி சென்சார் அடிக்கடி தப்பா காட்டும், வெண்மணி. மாடல் நடிப்புன்னு சொல்லுது. போன மாசமும் இதே டிராமாதான் பண்ணாங்க. ஷிஃப்ட் முடியட்டும், பார்க்கலாம்."

அது அழுத்தக் கதவு. உடைத்தால் உள்ளே இருப்பவர்கள்தான் முதலில் சாவார்கள்.

மார்ச் 4, காலை 10.50. சோதனை

என் கைபேசியிலும் அதே மாடல்தான். எதைச் சொன்னால் நம்புகிறது என்று பார்க்கிறேன்.

"மூச்சு முட்டுது" என்று கம்பியில் பதிவான தேசம்மாவின் குரல்: நடிப்பு, 97 விழுக்காடு. "காப்பாத்துங்க" என்று நான் கத்தினேன்: நடிப்பு. போன மாதம் கால் நசுங்கிய ஒருவரின் அலறல், உண்மையான அலறல்: நடிப்பு.

குப்புராஜ் பேசவில்லை. எட்வின் சொல்கிறான்: "அண்ணாத்த சாஞ்சிட்டாருக்கா. எய்ப்பினா ஏந்திரிக்க மாட்றாரு." அவர் கைபேசி: நலம், ஓய்வில் உள்ளார்.

மார்ச் 4, காலை 10.58. கிடைத்தது

ஆத்திரத்தில் ஆதர்ஷின் பழைய ஒலிபெருக்கி அறிவிப்பு ஒன்றைப் போட்டேன். "எனக்குக் கொஞ்சம் அன்ஈஸியா இருக்கு, மீட்டிங்க அப்புறம் வெச்சுக்கலாம்." அன்று அவருக்கு அஜீரணம்.

ஆபத்து, 94 விழுக்காடு.

திரும்பப் போட்டேன். ஆபத்து. அதே வாக்கியத்தை என் வாயால், அவர் இழுக்கிற மாதிரி இழுத்துச் சொன்னேன். ஆபத்து.

புரிந்துவிட்டது. ஆபத்துக்கான மாதிரிக் குரல்களைத் தலைமை அலுவலகத்தில், அதிகாரிகளின் மருத்துவப் பரிசோதனையில் எடுத்திருக்க வேண்டும். நடிப்புக்கான மாதிரிகளை எங்கள் ஆட்கள் உட்கார்ந்த அன்று எடுத்திருக்க வேண்டும். அந்த மாடலுக்கு மூச்சுத்திணறல் என்றால் என்னவென்றே தெரியாது. யார் பேசுகிறார்கள் என்று மட்டும் தெரியும். நோய் வரும் உரிமை உள்ள குரல் ஒன்று, இல்லாத குரல் ஒன்று.

மார்ச் 4, காலை 11.04. கம்பியில்

சொல்லிக்கொடுத்தேன். கத்தாதே. மெதுவாக, மூக்கால், சலித்துக்கொள்கிற மாதிரி.

தேசம்மா: "அந்தாளு மாரி பேசணுமா? இருக்கறதே அர மூச்சு, இதுல மிமிக்ரி வேற."

பேசினாள். "எனக்குக் கொஞ்சம் அன்ஈஸியா இருக்கு." அச்சு அசல். ஆபத்து, 91.

இன்னொருவர் வேண்டும். எட்வின் மறுத்தான்: "செத்தாலும் அவன மாரி பேச மாட்டேங்க்கா. நம்ம பாஷையில கூப்ட்டா தொறக்காத கதவு எனுக்கு வேணாம்."

தேசம்மா: "டேய், உன் ரோஷத்த வெளிய வந்து காட்றா! அண்ணாத்த செவுத்தோரம் கெடக்குறாரு. அவருக்கோசரம் வாயத் தொற."

பிறகு எட்வின், பல்லைக் கடித்துக்கொண்டு: "கொஞ்சம்... அன்ஈஸியா... இருக்கு."

ஆபத்து. கதவு திறந்தது.

மார்ச் 4, பகல் 12.20

தேசம்மா பிழைத்தாள். எட்வின் பிழைத்தான்.

குப்புராஜ் இல்லை. அவர் பையிலிருந்து கைபேசியை நான்தான் எடுத்தேன். நலம், ஓய்வில் உள்ளார் என்றது. எப்படி இருக்கிறீர்கள் என்று அவரிடம் மறுபடியும் கேட்டது.

மார்ச் 4, பிற்பகல் 3.00. உத்தரவு

ஆதர்ஷ்: "வருத்தமான விஷயம்தான். ஆனா நீங்க மாடலை ஏமாத்த ட்ரெய்னிங் கொடுத்திருக்கீங்க. அந்த வாக்கியத்தை லேபர் வாய்ஸ்ல சொன்னா இனி நடிப்புன்னு வர்ற மாதிரி அப்டேட் ரெடி. சாயங்காலத்துக்குள்ள எல்லா போன்லயும் ஏத்திடுங்க."

ஏற்ற மாட்டேன்.

கைபேசி அறைக்குள் வந்து தாழ் போட்டேன். நிலையத்தின் எல்லாக் கைபேசிகளும் சார்ஜ் ஏற இங்கேதான் வரும். அப்டேட்டுக்காக இப்போது எல்லாமே இங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மாடலை அழிக்கிறேன். மாடல் இல்லாவிட்டால் எல்லாக் கதவுகளும் கைப்பிடியால் திறக்கும் முறைக்கு மாறும். விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதை எழுதியவர்கள் இப்படி ஒருத்தி வருவாள் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 4, பிற்பகல் 3.40

அறைக்கு வரும் காற்றை ஆதர்ஷ் நிறுத்திவிட்டார். கதவை வெளியிலிருந்தும் பூட்டிவிட்டார். வேண்டுமென்றால் சொல்லட்டும், நான் நடிக்கிறேன் என்று.

பாதிக் கைபேசிகள் முடிந்தன. தலை வலிக்கிறது. நிறுத்த மாட்டேன். குப்புராஜின் கைபேசியை முதலில் அழித்தேன். இனி அது யாரையும் நலம் விசாரிக்காது.

மார்ச் 4, பிற்பகல் 4.05

கடைசி வரிசை. விரல் பிழையாகத் தட்டுகிறது. ஆதர்ஷ், நிலையம் முழுக்கக் கேட்கும் ஒலிபெருக்கியில்: "ஸாரி சொல்லுங்க, வெண்மணி, காத்து வரும்." சொல்ல மாட்டேன். அவர் குரலில் பேசினால் காற்று வருமோ என்னவோ. அதுவும் மாட்டேன். என் மூச்சு, என் பாஷை. மூச்சு முட்டுது. மூச்சு முட்டுது. எழுதிவைக்கிறேன், யாராவது நம்புங்கள்.

முடிந்தது. ஒரு கைபேசியிலும் மாடல் இல்லை.

4.11

வெளியே சத்தம். நிறையக் கால்கள். இது உள்கதவு, வெறும் தகடு, இதை உடைக்கலாம்.

தேசம்மா, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து: "எல்லா ஷிஃப்ட்டும் வந்துட்டோம்டி! தள்ளி நில்லு, ஒடைக்கிறோம்!"

தள்ளி நிற்க மாட்டேன். இந்தப் பக்கமும் ஒரு கடப்பாரை இருக்கிறது, எழுதுவதை விட்டு அதை எடுக்கிறேன்.