செவ்வாய்க்கிழமைகளில் டாலாவுக்கு

இன்று காலை தாமுவே சந்தையில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கைப்பையிலிருந்து சின்னக் குழல் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து உறிஞ்சினாள். தாய்லாந்திலிருந்து வருமே, கற்பூரமும் புதினாவும் கலந்த அந்த மூக்குமருந்து. ஒரு நொடிதான். மீன் கவிச்சியைத் தள்ளிக்கொண்டு நீங்கள் வந்து நின்றீர்கள். ஆறாவது மாடிப் படிக்கட்டின் மேல்படியில், சுவரில் சாய்ந்து, அந்தக் குழலை மூக்கின் இரு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, என்னைச் சந்தேகமாகப் பார்த்தபடி. மீன்காரி இரண்டு முறை கேட்டாளாம், என்ன வேண்டும் என்று. நான் ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

உங்களால் இதைப் படிக்க முடியாது. உயிரோடு இருந்தபோதே உங்களுக்குத் தமிழ் தெரியாது. நாம் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், மழை பிடித்த வாரத்தில், எங்கள் எதிர்வீட்டுக்கு நீங்களும் மா சானும் குடிவந்தீர்கள். நீங்கள் டென்மார்க்காரர், எழுபதைத் தாண்டியவர். மா சான் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த பர்மியப் பெண், ஊர் த்வாண்டே. தாய்லாந்தில் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். படுத்த படுக்கையான தாயைப் பார்க்க ஊர் திரும்பினாள், நீங்களும் கூடவே வந்து, தாயின் ஒற்றையறைக் குடிசையில் இடமில்லாமல் இங்கே வாடகைக்கு எடுத்தீர்கள். நாற்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த மனிதர் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் ஆறாவது மாடியில் குடியேறியதை நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள்.

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. "வெள்ளைக்காரன் ஒருத்தன் இந்தக் காலத்துல இங்க வந்து ஆறு மாடி ஏறி ஒக்காந்துக்கிறான்னா, கீழ எவனோ தொரத்துறான்னு அர்த்தம்" என்றாள் என் மனைவி லெச்சுமி. இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தாய்லாந்துக்குப் போக வழி தேடிக்கொண்டிருக்கையில், அங்கிருந்து ஒருவர் இங்கே வருவாரா? தெருமுனைத் தேநீர்க்கடையில் உங்களை உளவாளி என்றார்கள். எங்கேயோ குற்றம் செய்துவிட்டு ஓடி வந்தவர் என்றார் ஒருவர். பர்மியில் தாத்தா என்று பொருள்பட 'போபோ' என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்களே, நீங்கள் தலை மறைந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள்.

நீங்களும் மா சானும் பேசிக்கொண்டது தாய் மொழியில், அதாவது தாய்லாந்துக்காரர்களின் மொழியில். இருவருக்குமே சொந்தமில்லாத பாஷை. கதவுக்கு அந்தப் பக்கம் அது கேட்கும்போதெல்லாம், ஏதோ எங்களுக்குப் புரியக் கூடாது என்றே பேசுகிறீர்கள் என்று தோன்றும்.

சந்தேகத்தில் நீங்கள் எங்களுக்குச் சளைத்தவரில்லை. குடிவந்த பத்தாம் நாள் என் கதவைத் தட்டி, "என் தண்ணீரை யாரோ எடுக்கிறார்கள்" என்றீர்கள். மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், உங்கள் தொட்டியின் உள்சுவரில் பென்சிலால் போட்டிருந்த கோடுகளைக் காட்டினீர்கள். மின்சாரம் வந்தால் மோட்டார் போடுகிறோம், அது போவதற்குள் தொட்டி நிரம்ப வேண்டும். யாருக்கு அடுத்தவர் தண்ணீரைத் திருட நேரம் இருக்கிறது? எனக்குக் கோபம் வந்தது. தொட்டிக்கு அடியில் கைவிட்டுத் தடவினேன். குழாய் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் மாம்பழமும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சந்தேகம்தான் கிழவனுக்கு உடற்பயிற்சி" என்றீர்கள்.

அன்றிலிருந்துதான் மின்சாரம் போகும் மதியங்களில் படிக்கட்டின் மேல்படியில் இருவரும் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தோம். அங்கேதான் கொஞ்சம் காற்று வரும். நான் கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். ஆங்கிலம் பேச ஆள் கிடைத்ததே எனக்குப் பெரிது. நீங்கள் தாய்லாந்துக் கடற்கரை ஊரில் கழித்த ஒன்பது வருடங்களைச் சொல்வீர்கள். காலை ஏழு மணிக்கு ஒரே கடையில் ஒரே மேசையில் ஆறு வெள்ளைக்காரக் கிழவர்கள். அதே முட்டை, அதே ரொட்டி. பிறகு நீச்சல்குளம், பிறகு தூக்கம், பிறகு பீர். ஒவ்வொருவரும் மற்றவர் மனைவியைப் பற்றி எச்சரிப்பார்கள். தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை குடியேற்ற அலுவலகத்தில் வரிசையில் நின்று, இன்னும் அதே முகவரியில்தான் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "அதே முகவரி, அதே நாற்காலி. செத்திருந்தால்கூட எழுதிக் கொடுத்திருப்பேன், யாருக்கும் தெரிந்திருக்காது" என்றீர்கள் ஒருநாள்.

ஆனால் ஒன்றை மட்டும் சொல்ல மாட்டீர்கள். செவ்வாய்க்கிழமைதோறும் விடிந்ததும் துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போவீர்கள். மற்ற நாள்களில் தாயைப் பார்க்கப் போய்வரும் மா சான் அன்று வீட்டிலேயே இருப்பாள். சாயங்காலம் முழங்கால்வரை சேறோடு ஏறி வருவீர்கள். எங்கே என்று கேட்டால், "நடக்கப் போனேன், டாலா பக்கம்" என்பீர்கள். ஆற்றைத் தாண்டிப் போய்ச் சேற்றில் நடக்கும் கிழவரை நான் கண்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் பின்னாலேயே வந்தேன். லெச்சுமியிடம்கூடச் சொல்லவில்லை. படித்துறையில் நீங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சீட்டு வாங்கினீர்கள். நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு படகின் பின்பக்கம் நின்றேன். டாலாவில் இறங்கியதும் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களை எல்லாம் கையசைத்து விலக்கிவிட்டு, நேரே போய் ஒரு வேனில் ஏறினீர்கள். த்வாண்டே போகிற வேன். எனக்கு அதற்குமேல் தைரியம் இல்லை. அடுத்த படகில் திரும்பிவிட்டேன். மா சானின் ஊருக்கு அவள் இல்லாமல் தனியாக ஏன் போகிறார்? இந்தக் கேள்வி என்னை வாரக்கணக்கில் அரித்தது.

அப்புறம் அந்தக் காலை. வார்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு மேலே வந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், விருந்தாளி உண்டா என்று வழக்கமான விசாரணை. எங்கள் வீட்டை முடித்துவிட்டு, உங்கள் கதவைப் பார்த்து, "எதிர்வீட்டு வெளிநாட்டுக்காரர் எப்படி?" என்று கேட்டார். நல்லவர் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். "செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை டாலாவுக்குப் போகிறார். எதற்கென்று சொல்வதில்லை" என்றேன்.

அவர் மிரட்டவில்லை. நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. எங்கள் பாட்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்து, மூன்று தலைமுறை இந்த மண்ணில் பிறந்தும், அடையாள அட்டையில் இனம் என்ற இடத்தில் இந்தியா என்று இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தோடு யார் வந்தாலும் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லி நல்லபேர் வாங்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அந்தப் பயத்தின்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மை அதுமட்டும் இல்லை. எனக்குத் தெரியாததை அவர்களாவது கண்டுபிடித்துச் சொல்லட்டுமே என்ற ஆசையும் இருந்தது. அவர் இறங்கிப் போனதும் லெச்சுமி அடுப்படியிலிருந்து வந்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா வாய் வலிக்குமா?" என்றாள்.

நாலாம் நாள் இரண்டு பேர் வந்து உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிப் போனார்கள். டாலாவில் என்ன வேலை, யாரைப் பார்க்கிறாய் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்களாம். பத்து நாள் கழித்துப் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. தங்கும் அனுமதி இனி நீட்டிக்கப்படாது என்ற சொல்லும் வந்தது.

அன்று மதியம் நீங்கள் என் நாற்காலிக்கு எதிரே நின்றீர்கள். உட்காரவில்லை.

"செவ்வாய்க்கிழமையைச் சொன்னது யார்?"

நான் எழுந்திருப்பதற்குள் நீங்களே தொடர்ந்தீர்கள்.

"தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவளும் நீங்களும். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்."

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை எப்படித்தான் கேட்டேனோ!

"ஒருமுறை படகில் என் பின்னால் வந்தீர்கள். தொப்பி போட்டால் தெரியாதா? அதற்கப்புறமும் தேநீர்க்கடையில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வாயைக் கட்டத் தெரிந்தவர் நீங்கள். அப்படியென்றால் அவள்தான்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினீர்கள். உங்கள் குரல் உயர்ந்தது. மா சான் பதிலே பேசவில்லை. மறுநாளிலிருந்து அவள் சமைத்ததை நீங்கள் தொடவில்லை. கீழே போய் மொஹிங்கா, அந்த மீன்குழம்பு நூடுல்ஸை, வாங்கித் தின்றீர்கள். மூன்றாம் நாள் அவள் ஒரு பையோடு படியிறங்கிப் போனாள். என்னைக் கடக்கும்போது, "போய்வருகிறேன், ஊலே" என்றாள். மாமா என்று எப்போதும் கூப்பிடுகிற அதே மரியாதையோடு.

ஐந்து நாள் நான் சோற்றில் கைவைத்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்தேன். ஆறாம் நாள் த்வாண்டேக்குப் போனேன். உங்களிடம் சொல்லும் தைரியம் இல்லாமல் அவளிடம் சொல்லப் போனேன் என்பதுதான் சரி.

வீட்டை விசாரித்து நடந்தபோது வயல் ஓரத்தில் மா சான் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாதி எழும்பிய ஒரு சின்ன வீடு. செங்கல் தூண், மரச்சட்டம், கூரை இன்னும் போடவில்லை. பின்பக்கம் மட்டும் முழுதாக முடிந்திருந்தது: வெள்ளைக்காரர் உட்காரும் கழிப்பறை.

"இதுதான் அவருடைய செவ்வாய்க்கிழமை" என்றாள். "தாய்லாந்தில் முன்னொருத்தி பேரில் வீடு கட்டினார். அவள் விற்றுவிட்டுப் போய்விட்டாள். மறுபடி ஒரு பெண் பேரில் கட்டுகிறான் கிழவன் என்று உங்கள் மாடியில் சிரிப்பார்களாம். கூரை ஏறும்வரை வாயைத் திறக்காதே என்றார். நீயும் இந்த வயல் பக்கம் வராதே, முடித்துக் காட்டுகிறேன் என்றார்."

"மா சான், அந்த ஆளிடம் சொன்னது நான்" என்றேன்.

"தெரியும், ஊலே. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்."

"அவரிடம் ஏன் சொல்லவில்லை?"

அவள் குனிந்து சரிந்திருந்த ஒரு செங்கலை நேராக்கி வைத்தாள். "என்னைச் சந்தேகப்பட்டால் நாலு நாளில் ஆறிவிடும். தாய்லாந்திலேயே எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். உங்கள்மேல் விழுந்தால் ஆறாது. இந்த ஊரில் அவருக்குப் பேச்சுத்துணை வேறு யார் இருக்கிறார்கள்?" பிறகு மெதுவாகச் சொன்னாள், "இந்த முறைதான் ஆறவில்லை."

அன்று சாயங்காலமே உங்கள் கதவைத் தட்டினேன். "நான்தான் சொன்னேன்" என்றேன்.

"எதை?"

"செவ்வாய்க்கிழமையை."

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்களோ விரலை மடக்கி நாள்களை எண்ணினீர்கள். "அவள் எட்டு நாள்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டீர்கள். கதவைச் சாத்தினீர்கள். மூன்று தாழ்ப்பாளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. விடிந்ததும் முதல் படகுக்குப் போய்விட்டீர்கள். இரண்டு நாள் கழித்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவளுடைய பை உங்கள் தோளில் இருந்தது.

ஆனால் அனுமதி முடியும் நாள் நிற்கவில்லை. தாயை விட்டு மா சான் வர முடியாது. நீங்கள் தனியாகவே அந்தக் கடற்கரை ஊருக்குத் திரும்பினீர்கள். உங்கள் பெட்டியை நான் ஆறு மாடி இறக்கினேன். வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை. காரில் ஏறுமுன் கையை நீட்டினீர்கள். "முதல் நாளே உங்களைச் சந்தேகப்பட்டேன். அதிலேயே நின்றிருக்க வேண்டும்" என்றீர்கள். வேடிக்கையாகச் சொன்னீர்களா, மனம் கசந்து சொன்னீர்களா, தெரியவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லை. கையை மட்டும் சட்டென்று விடவில்லை.

அங்கிருந்து தினமும் மா சானுக்குப் போன் செய்து வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்வீர்களாம். ஜன்னல் சட்டத்தில் ரசமட்டத்தை வை, குமிழ் நடுவில் நிற்கிறதா பார் என்பீர்களாம். நாலாம் மாதம் ஒரு காலை, அதே கடையில், அதே மேசையில், முட்டை வருவதற்கு முன்பே சரிந்துவிட்டீர்கள். மா சான் எனக்குச் செய்தி சொன்னபோது அழவில்லை. கூரை போட்டாகிவிட்டது, அதை அவர் பார்த்துவிட்டார் என்று மட்டும் சொன்னாள்.

எப்போதாவது அங்கே போகிறேன். தேநீர் தருகிறாள். உங்கள் பேச்சு வந்தால் பேசுகிறோம். போன முறை, தாய் மொழியில் பேச ஆளில்லை, கோழிகளை அந்தப் பாஷையில் திட்டிக்கொள்கிறேன் என்றாள். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் ஆம் என்றுதான் சொல்வாள். அதை நம்புவேனா என்பது எனக்குச் சந்தேகம்.

எதிர்வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்து ஆறு மாதமாகிறது. இளம்பெண், கணவன் ஊரில் இல்லை என்கிறாள். ஆனால் துணிக்கொடியில் ஆண்கள் லுங்கி காய்கிறது. அவள் வெளியே போன பிறகும் உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். என் புத்தி எங்கே போகும்? எல்லாவற்றையும் கோர்த்து வைத்திருக்கிறது. போன வாரம் நோட்டுப் புத்தகத்தோடு அதே ஆள் வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். "எதிர்வீட்டில் எத்தனை பேர்?" என்றார். லெச்சுமி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அந்தப் பெண் ஒருத்திதான்" என்றேன். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.