பதினெட்டாம் நாளுக்குப் பிறகு திருப்பக் கூடாது

என் மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும், நான் போட்டோவில் மட்டும் பார்த்த பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நிற்பார், அதனால்தான் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி எழுத்து என்று சிரிக்காமல் கடைசிவரை படி.

அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது. ஆனாலும் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றின கை சும்மா இருக்குமா, பழைய பிரிட்ஜ் பெட்டியில் குண்டு பல்பு, சின்ன ஃபேன், ஒரு கிண்ணம் தண்ணீர் எல்லாம் வைத்து முட்டை பொரிக்கிற பெட்டி செய்தார். பன்னிரண்டு முட்டை வைத்தோம். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், தினம் மூன்று வேளை திருப்பும்போது எது திரும்பியது என்று தெரிவதற்கு. ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு வெறும் முட்டை, மீதிப் பத்திலும் நரம்பு ஓடியிருந்தது. அன்றைக்கு அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் திருப்பினதை மறந்து மறுபடி திருப்புவார், குறி மங்கிவிட்டதென்று அதன் மேலேயே எழுதுவார், முட்டையெல்லாம் கரி பூசின மாதிரி ஆனது, நான் பின்னாலேயே போய்ச் சரிசெய்வேன். பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும், மூடியைத் தொடவே கூடாது, ஈரம் போனால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் செத்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். திறக்கக் கூடாது என்று பேப்பரில் எழுதி ஒட்டினேன், கயிறும் கட்டினேன். அவர் செய்த பெட்டியை அவரே தொடக் கூடாது என்றால் கேட்பாரா.

இருபதாம் நாள் நாலு முட்டையில் ஓடு கீறியிருந்தது, உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம். எனக்குப் பல் பிடுங்க அன்றைக்குத்தான் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரியை அப்பாவோடு உட்கார வைத்துவிட்டுப் போனேன். அவள் சீரியல் பார்க்க எழுந்து போய்விட்டாள், இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வந்து பார்த்தால் மூடி சுவரோரம் சாய்ந்திருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தக் கீறல் மேலேயே பொறுமையாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருக்கிறார். நாலும் அலகை வெளியே நீட்டினபடி காய்ந்து கிடந்தது. மற்ற ஆறும் மறுநாளும் அசையவில்லை, அதற்கு மறுநாளும் அசையவில்லை.

மூடியைப் பார்த்த அந்த நிமிஷமே, பல் பிடுங்கின வாய் நிறையப் பஞ்சோடு, பத்து உசுரையும் கொன்னுட்டியே பாவி மனுஷா என்று கத்தினேன். எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தெரியாம செஞ்சிட்டேங்கம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க என்றார். நாற்பத்தாறு வருஷமாக ஏண்டி, இந்தாடி என்று மட்டும் கூப்பிட்ட மனுஷன். அப்படிக் கூப்பிடுகிறாரே என்று எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன், இப்போது ஒரு தரம் கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரைக் கேட்காமல் அந்தக் காயில் சுற்றுகிற மெஷினை நீ விற்றாய். என் செத்த மூஞ்சியிலகூட முழிக்காதே என்று அவர் சொன்னார். நீயும் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான், ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாய், மேல் பட்டன் இல்லை. அவருக்கு இதில் ஒன்றுகூட நினைவில்லை. சாயங்காலமானால், பையன் இன்னும் ஸ்கூல் விட்டு வரலையா என்று என்னைக் கேட்கிறார். அவர் விட்டுவிட்ட சண்டையை நீயும் நானும்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கொஞ்ச நாளில் அந்தக் கேள்வியும் நின்றுவிடும் என்று அப்பாவைப் பார்க்கிற டாக்டர் சொல்கிறார். அதற்குள் வா. தேதி சொல்லாமல் வா, சொன்னால் நான் அவரிடம் உளறிவிடுவேன், நாள் முழுக்க வாசல் கேட்டைத் திறந்து திறந்து மூடுவார். பேத்தியையும் கூட்டி வா. நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே, வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்காதே, எதற்கென்று தெரியாமல் பயந்துவிடுவார். அதை என்னிடம் கேள். எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா