மாமாவின் முதுகும் மாடிக்குப் போகும் குழாயும்

டிச. 4, சனி
மூடுபனி. துணி காயவில்லை. மாடிக்கு நான்கு பெண்கள் குடிவந்தாயிற்று. கம்ப்யூட்டர் கம்பெனி. மூன்று கீசர், ஒரு ஹாட் பிளேட், ஒரு இஸ்திரிப் பெட்டி. கன்னடக்கார எலக்ட்ரீஷியன் நாகராஜ் ஐந்துக்கும் தனி லைன் இழுத்தார். பத்து ஒயர், ஹால் சுவருக்குள் ஒரே பழைய குழாய். சோப்புத் தண்ணீர் தடவித் திணித்தார்.

"இன்னொரு குழாய் போடலாமே?"

"நல்ல ஒயர் மேடம். ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது."

என் கணவர் உடனே, "சுவரை உடைக்கவா? கிறிஸ்துமஸுக்கு நானே பெயிண்ட் அடிச்ச சுவர், ஸ்டெல்லா!"

இருபது வருஷமாக எட்டாம் வகுப்புக்கு வெப்பம் நடத்துகிறேன். வீட்டில் வாய் திறந்தால் "டீச்சர் ஆரம்பிச்சுட்டாங்க" என்பார். திறக்கவில்லை.

வாங்க வேண்டியது: ரவை, முந்திரி, மாமனாருக்கு முதுகு வலித் தைலம்.

டிச. 7, செவ்வாய்
காலையில் பூனை மெத்தையை விட்டு ஹால் சுவரோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. யோசிக்க நேரமில்லை. பரீட்சைத் தாள்.

டிச. 9, வியாழன்
மாமா தன் பிரம்பு நாற்காலியைப் பூனையின் இடத்துக்கு இழுத்துப் போட்டுச் சாய்ந்திருக்கிறார். பூனை காலடியில், முறைத்தபடி.

"ஒத்தடம் மாதிரி இருக்கும்மா. நாகராஜ் கைராசிக்காரன். தைலமே வேணாம்."

சுவரைத் தொட்டேன். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி.

டிச. 10, வெள்ளி
பரணில் கல்லூரிப் புத்தகம். நினைத்தது சரி. தனியாகப் போனால் 16 ஆம்பியர் தாங்கும் ஒயர், ஐந்து லைன் ஒரே குழாயில் நெருங்கினால் பத்துகூடத் தாங்காது. ஒன்றின் சூடு மற்றதற்கு, வெளியேற வழியில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஆறு பேர் பெஞ்சில் ஒன்பது பேர், எல்லாருக்கும் ஸ்வெட்டர்.

பள்ளி லேபிலிருந்து தெர்மாமீட்டர். சுவரில் ஒட்டினேன். மாமா: "சுவருக்கும் காய்ச்சலா டீச்சரம்மா? கஷாயம் குடு."

இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

டிச. 11, சனி
மாடி பிரேக்கர் இரண்டு முறை விழுந்து கரண்டை நிறுத்தியது. நல்லவேளை என்று நினைத்தேன். நாகராஜ் வந்தார், அதைவிடப் பெரியதை மாட்டினார். "இனிமே விழவே விழாது மேடம்." காவல்காரன் கத்துகிறான் என்று அவன் வாயைக் கட்டியாயிற்று. மாமாவின் முதுகுக்கும் அந்த ஒயர்களுக்கும் நடுவே இரண்டு விரல்கடை சிமெண்டு.

டிச. 13, திங்கள்
காலை 7.10. மெயினை அணைத்துவிட்டு, ஸ்விட்ச் பலகை முன் நின்றுகொண்டேன்.

மாடியிலிருந்து ஒரு பெண், தலை முழுக்க ஷாம்பு நுரை: "ஆன்ட்டி! தண்ணி ஐஸ்!"

இவர், பாதி சவரத்தில்: "பைத்தியமா ஸ்டெல்லா?"

"ஒயரை வெளியே இழுத்துப் பாருங்க. நல்லா இருந்தா நானே ஆன் பண்றேன்."

ஏழு மணிக்கே நான் வரச்சொல்லியிருந்த நாகராஜ் இழுத்தார். வரவில்லை. இவரும் சேர்ந்து இழுத்தார். பத்தும் ஒரே கட்டியாக வந்தன, பாகு இறுகிய கடலை மிட்டாய் போல. மேல் உறை உருகி ஒட்டியிருந்தது. ஓரிடத்தில் செம்பு தெரிந்தது.

இவர் ஒரு கன்னத்து நுரையோடு போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்துவந்தார். தன் பெயிண்டில் முதல் அடியைத் தானே போட்டார்.

டிச. 15, புதன்
மூன்று புதுக் குழாய். தடித்த ஒயர். சரியான பிரேக்கர். நாகராஜ் என்னிடம், "எத்தனை லைன் சேர்த்து விடலாம் மேடம்? எழுதிக் குடுங்க." எழுதிக் கொடுத்தேன். பெண்களுக்குக் கேசரி.

டிச. 16, வியாழன்
மாமா நாற்காலியில் சாய்ந்தார். நிமிர்ந்தார். உள்ளங்கையால் சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தார். பூனையும் முகர்ந்துவிட்டு என்னையே பார்த்தது.

"ஏம்மா, ஒரே ஒரு கீசரையாவது பழைய குழாயில விட்டிருக்கக் கூடாதா?"