அரைத் தேக்கரண்டி உப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி முனகுகிறார், பாதி நடிப்பு. பையனுக்கு வயிற்றுப்போக்கு நின்றதா? உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலக்கும்போது கை நடுங்குகிறது, உப்பு போட்டேனா என்று மூன்று முறை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவள் நான். செல்லின் சவ்வு என்றால் இரண்டு அடுக்குக் கொழுப்பு, தலை தண்ணீர்ப் பக்கம், வால் உள்பக்கம், நடுநடுவே புரத வாசல்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குடல் செல்லில் சர்க்கரைக்கென்று ஒரு வாசல் உண்டு, உப்பு கூட வந்தால்தான் அது சர்க்கரையை உள்ளே விடும், இரண்டும் போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். உன் தம்பி சுண்டு வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த அந்த மத்தியானம் நான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலும் இதே கேள்விதான். ஒரு பிள்ளை உப்பை விட்டுவிட்டிருந்தது, சிவப்பு மையில் சுழித்து அரை மதிப்பெண் குறைத்தேன். அப்போதுதான் சமையலறையிலிருந்து, அம்மா உப்பு போடணுமா என்று கேட்டாய், உனக்கு ஒன்பது வயது. வேணாம்டி, குமட்டும், சர்க்கரை மட்டும் போடு என்று தலை நிமிராமல் சொன்னவள் நான். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு, தண்ணியில உப்பு போட்டீங்களா என்று டாக்டர் கேட்டார். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய், நான் மறந்துட்டேன் என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. சின்னப் பிள்ளைதானே என்று அப்பா உன் தலையைத் தடவினார். அந்தப் பொய்யையே நீ நிஜமென்று நம்பி வளர்ந்ததையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். டம்ளரில் கரண்டி சுற்றுகிற சத்தம் இன்னும் இந்த வீட்டில் கேட்கிறது, போய்ப் பார்த்தால் சமையலறையில் யாருமில்லை. பயமாக இருக்கிறது. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை.

உறையை ஒட்டுமுன் இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் முனகாமல் மாடிப்படி ஏறிப் போனார்.

பேரன் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், உன் கைநடுக்கம் நிற்கட்டும். ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி. ஒரு தடவை போட்டால் போதும், நாக்கில் வைத்துப் பார்க்காதே. நீ எதையும் மறந்தவள் இல்லை.

இப்படிக்கு,
உப்பு வேண்டாம் என்று சொன்ன உன் அம்மா