என் பக்கத்து பிரேக்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவுக்கு என்னிடம் பதினேழாவது கார் வகுப்பு. ஏரிக்கரைச் சாலையில் தூறல். கண்ணாடிக்கு அப்பால் மரங்கள் கரைந்து கரைந்து மறுபடி மரங்களாயின. அக்கா பாடிக்கொண்டே ஓட்டினாள். முப்பது வருஷம் நர்ஸாக நின்றே தேய்ந்த கால்களுக்கு ஐம்பத்திரண்டு வயதில் சக்கரம் முளைத்திருக்கிறதாம். வளைவில் சொன்னாள்: "பாத்தியாடி, நான் நெனச்சாலே வண்டி மெதுவாகுது."

மெதுவாக்கியது என் கால். பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மற்றவர்களுக்கு ஓங்கி மிதித்து, நாலு திட்டும் திட்டுவேன். அக்காவுக்கு மட்டும் தெரியாமல் மெல்ல மிதிக்கிறேன். முதல் நாள் அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன். அத்தான் போன பிறகு அவள் புதிதாக எதையும் தொட்டதே இல்லை. எனக்கு மனசு வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

சொல்ல வேண்டும். இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

தேர்வில் தேறிவிட்டாள்! காலித் திடலில் வளைந்து வளைந்து வந்தால் போதும், குறுக்கே ஈ காக்கை கிடையாது. சொந்தமாகப் பழைய கார் ஒன்றும் வாங்கிவிட்டாள். ஒற்றைக் கையால் ஓட்டுகிறாள். வரும் திங்கட்கிழமை, எட்டு மாத வயிற்றோடு இருக்கும் மகளைத் தானே செக்கப்புக்கு அழைத்துப் போவாளாம்.

அந்தக் காரில் என் பக்கம் பிரேக் கிடையாது.

மார்ச் 13, வெள்ளி

மத்தியானத் தூக்கத்தில் கட்டிலை உதைக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். "யாரை நிறுத்தப் பாக்குற?" கனவில் கார் ஏரித் தண்ணீர்மேல் போகிறது, சத்தமே இல்லாமல். அக்கா பாடுகிறாள். என் காலடியில் வெறும் தண்ணீர்.

நான் அவளுக்குக் கொடுத்தது தைரியமா, கண்கட்டா? நாளைக்கு அவளுடன் ஒரு சுற்றுப் போய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 14, சனி



அவள் காரில் போனோம். தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். அக்காவும் பார்த்தாள். பார்த்தும் மிதிக்கவில்லை — வண்டி தானே மெதுவாகும் என்று காத்திருந்தாள்! நான் மிதித்தேன். காலடியில் வெறும் மிதியடி. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். கார் வழுக்கிப் போய்ச் சைக்கிளைத் தட்டியது. அவர் சைக்கிளை விட்டுவிட்டு விலகிக் குதித்தார், நல்லவேளை. மழை ஈரத்தில் சாலையெல்லாம் கடிதங்கள்.

"நெனச்சேனே... ஏன் நிக்கல?" என்றாள் அக்கா.

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இறங்கி, ஈரக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புடவையில் ஒற்றி அவரிடம் கொடுத்தாள். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, சக்கரம்தான் அப்பளமாயிடுச்சு" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

சாவியை என் கையில் வைத்துக் கேட்டாள்: "அப்ப இத்தனை நாளா நான் ஓட்டவே இல்லையா?"

அதற்குப் பதில் அவள் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.

மார்ச் 16, திங்கள்

மகள் டாக்சியில் போய்வந்தாளாம். எல்லாம் நலம். அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

இன்று வகுப்பில் ஒருவருக்காக மிதித்தேன். உடனே சொன்னேன்: "இப்ப பிரேக் போட்டது நான்." முகம் வாடிப்போயிற்று அவருக்கு. வாடட்டும். இனி ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் அக்கா வாசலில் நின்றாள். "எனக்கு இன்னிக்குத்தான் முதல் வகுப்பு. செருப்பைக் கழட்டு. காலைத் தூக்கி மேல வை."

பயிற்சி வண்டியின் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஹேண்ட்பிரேக் பக்கத்தில் கை வைத்துக்கொள்ள மட்டும் அனுமதித்தாள். அதே ஏரிக்கரைச் சாலை. பனி மூட்டத்தில் தண்ணீர் எது, சாலை எது என்றே தெரியவில்லை. நத்தை வேகம். பாட்டு இல்லை. அவள் கை நடுங்கியது. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

தூரத்தில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. மெதுவாக்கினாள். இன்னும் மெதுவாக்கினாள். நின்றே விட்டாள்.

"ஆளில்லடி. விளக்குக் கம்பம்."

"இருக்கட்டுமே" என்றேன். கம்பத்துக்கு வழிவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் தெரிந்தது, என் கால்கள் இரண்டும் மரத்துப்போயிருந்தன.